பழைய ஃபியட்டின் முதுகில் ஹோண்டா இன்ஜின்

ஃபியட் எக்ஸ்1/9 என்று ஒரு சின்னக் கார் உண்டு. 1972-இல் இத்தாலியில் வந்தது. உருவம் கொடுத்தவர் பெர்டோனே நிறுவனத்தில் இருந்த மார்ச்செல்லோ காந்தீனி. லம்போர்கினி கவுன்டாக்கை வரைந்தவரும் அவரேதான். ஆப்பு மாதிரி சரிந்த மூக்கு, எழும்பி மறையும் முகப்பு விளக்குகள், கழற்றி முன்பக்க டிக்கியில் படுக்கப் போடக்கூடிய கூரை, இரண்டே சீட்டு, சீட்டுக்குப் பின்னால் இன்ஜின். சும்மா நிறுத்தி வைத்திருந்தாலும் ஓடுவது போலவே இருக்கும்.

ஆனால் உள்ளே இருந்தது 1290 சிசி இன்ஜின், 75 குதிரைத்திறன். புகைக் கட்டுப்பாடு இறுகிய அமெரிக்காவுக்குப் போன கார்களில் அதைவிடவும் குறைவு. பின்னால் 1498 சிசி ஆக்கினார்கள், ஐந்து கியர் கொடுத்தார்கள். ஐரோப்பிய மாடலில் 85 குதிரைத்திறன் வந்தது, அவ்வளவுதான். வளைவுகளில் இவ்வளவு நன்றாகத் திரும்பும் காருக்கு இது போதாது என்று அன்றிலிருந்து இன்றுவரை அதை வைத்திருப்பவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

அவர்களில் பலர் கண்ட வழி, ஹோண்டாவின் கே20 இன்ஜினைக் கொண்டுவந்து அதில் உட்கார வைப்பது. 2001-இல் அறிமுகமான இன்ஜின் இது. 1998 சிசி, நல்ல ரகங்களில் 200 குதிரைத்திறன். இப்படி ஒரு காரின் இன்ஜினை எடுத்துவிட்டு இன்னொரு காரின் இன்ஜினை வைப்பதற்கு இன்ஜின் ஸ்வாப் என்று பெயர். ஒரு பழைய இத்தாலியக் காருக்கும் ஒரு ஜப்பானிய இன்ஜினுக்கும் எப்படி ஒத்துப்போகிறது, எங்கே ஒத்துப்போகாமல் இடிக்கிறது என்று பார்த்தால், எந்தக் காரில் செய்கிற ஸ்வாப்பும் புரிந்துவிடும்.

முதலில், இன்ஜினை நடுவில் வைப்பது எதற்காக? இரண்டு முனையிலும் தண்ணீர்க் குடம் கட்டிய நீளக் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். உடம்பு திரும்பினாலும் குடங்கள் உடனே வராது, வந்தபின் நிற்கவும் நிற்காது. அதே இரண்டு குடங்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினால் அந்தத் தொல்லை இல்லை. எடை அதேதான், அது இருக்கும் இடம்தான் வேறு. காரில் மிகக் கனமான ஒற்றைப் பொருள் இன்ஜின். அதை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில், பின் சக்கரத்தை ஒட்டி வைத்தால் கார் சுருக்கென்று திரும்பும். தள்ளுகிற பின் சக்கரங்களின் மேல் எடையும் இருப்பதால் பிடிமானமும் நன்றாக இருக்கும்.

இதற்குக் கொடுக்கிற விலை, இடம். முன்பக்க இன்ஜின் காரில் போனட்டைத் திறந்தால் நான்கு பக்கமும் கை போகும். இங்கே முன்னால் சீட்டின் முதுகு, பின்னால் டிக்கி, இரு பக்கமும் சக்கரங்கள். எக்ஸ்1/9-இல் இன்னொன்றும் உண்டு: சீட்டுகளுக்குப் பின்னால், தகட்டுக்கு அப்புறம், ஒரு பக்கம் பெட்ரோல் டேங்க், மறுபக்கம் ஸ்டெப்னி. இன்ஜின் போய் உட்கார வேண்டிய இடம் ஒரு சின்ன அலமாரித் தட்டு அளவுதான்.

அப்படியானால் வேறு நிறுவனத்தின் இன்ஜின் அங்கே எப்படிப் போகிறது? அதற்கு இந்தக் கார் பிறந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபியட்டே செய்த முதல் ஸ்வாப்

1969-இல் ஃபியட் 128 என்ற குடும்பக் காரைக் கொண்டுவந்தது. அதன் பின்னணியில் இருந்த பொறியாளர் தாந்தே ஜகோஸா. இன்ஜினைக் குறுக்காகப் படுக்க வைத்து, அதன் ஒரு முனையில் கியர்பாக்ஸை ஒட்டி, இரண்டையும் சேர்த்து ஒரே மூட்டையாக முன் சக்கரங்களுக்கு நடுவே வைத்தார்கள். இன்று சாலையில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றின் அமைப்பு இதுதான்.

எக்ஸ்1/9 செய்ய வந்தபோது புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்த 128-இன் இன்ஜின், கியர்பாக்ஸ் மூட்டையை அப்படியே தூக்கி, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். முன் சக்கரங்களைச் சுழற்றிக்கொண்டிருந்தது இப்போது பின் சக்கரங்களைச் சுழற்றியது. விலை குறைவான நடு இன்ஜின் கார் இப்படித்தான் சாத்தியமானது. அமெரிக்காவில் 1984 மாடலாக வந்த போன்டியாக் ஃபியரோவும் இதே வழிதான். அதன் பின்பக்க அமைப்பு செவ்ரலே சைட்டேஷன் என்ற முன் சக்கர இழுவைக் காரின் முன்பக்கத்திலிருந்து வந்தது. 1984-இல் வந்த முதல் டொயோட்டா எம்ஆர்2-வும் கொரோலா குடும்பத்தின் பாகங்களை இப்படியே பின்னுக்குத் தள்ளிப் பிறந்ததுதான்.

ஆக, இந்த வகைக் கார்களின் முதுகில் இருக்கிற குழி, முன் சக்கர இழுவைக் காரின் இன்ஜின் மூட்டைக்காக வெட்டிய குழி. கே20-உம் அப்படியொரு மூட்டைதான். ஹோண்டா சிவிக், இன்டெக்ரா ஆகியவற்றின் முன்பக்கத்திலிருந்து வருகிறது. 1972-இல் ஃபியட் செய்ததை இன்று ஸ்வாப் செய்கிறவர் வேறொரு மூட்டையை வைத்து மறுபடி செய்கிறார். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த விஷயம் இதுதான். அசலுக்கு எதிரான காரியம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். காரின் பிறப்பே இப்படி என்று தெரிந்தபின் எனக்கு அப்படித் தோன்றுவதில்லை.

இங்கே புதிதாகப் படிக்கிறவருக்கு ஒரு சந்தேகம் வரும்: இன்ஜினை முன்னாலிருந்து பின்னால் கொண்டுவந்தால் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றாதா? சுற்றாது. மூட்டையைத் திருப்பாமல், பார்த்த திசையிலேயே பின்னுக்கு நகர்த்துகிறோம், அவ்வளவுதான். திருப்பினால்தான் வம்பு. 1966-இல் வந்த லோட்டஸ் யூரோப்பாவில் அது நடந்தது. ரெனோ 16 காரின் நெடுவாக்கு இன்ஜினையும் கியர்பாக்ஸையும் 180 டிகிரி திருப்பி வைத்தார்கள். அப்படியே விட்டிருந்தால் காருக்கு நான்கு ரிவர்ஸ் கியரும் ஒரு முன் கியரும்தான் இருந்திருக்கும். கியர்பாக்ஸுக்குள், விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரத்தை மறுபக்கம் மாற்றிப் பொருத்தி அதைச் சரிசெய்தார்கள்.

ஏன் கே20

எத்தனையோ நல்ல இன்ஜின்கள் இருக்க இதையே ஏன் தேடிப் பிடிக்கிறார்கள்? 200 குதிரைத்திறன் என்பது பதிலின் ஒரு பாதிதான். ஃபியட்டின் பழைய இன்ஜினில் சிலிண்டர் பிளாக் வார்ப்பிரும்பு. கே20-இல் அலுமினியம். அதனால் கொள்ளளவு ஒன்றரை மடங்கு கூடியும் எடை அந்த அளவுக்கு ஏறுவதில்லை. வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்க வைக்கும் டைமிங்குக்கு பெல்ட் இல்லை, செயின். குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை பெல்ட் மாற்றும் வேலை கிடையாது. நடு இன்ஜின் காரில் அந்த வேலைக்குக் கை நுழைப்பதே ஒரு தவம் என்பதால் இது பெரிய நிம்மதி.

அடுத்தது, எந்தப் பக்கம் எது இருக்கிறது என்பது. சிவிக்கில் கே20 நிற்கும்போது காற்று இழுக்கும் பக்கம் முன்னால், புகை வெளியேறும் பக்கம் பின்னால். அதைத் திருப்பாமல் எக்ஸ்1/9-இன் முதுகில் வைத்தால், கொதிக்கிற எக்ஸாஸ்ட் குழாய்கள் காரின் வால் பக்கம் பார்க்கும். சீட்டும் பெட்ரோல் டேங்கும் இருக்கிற பக்கம் குளிர்ச்சியான இன்டேக் வரும். இது எதிர்மாறாக அமைந்திருந்தால் டேங்க்கை வெப்பத்திலிருந்து காப்பதே தனி வேலையாகிவிடும்.

மூன்றாவது, கியர் மாற்றும் முறை. ஹோண்டாவின் கியர்பாக்ஸ் இரண்டு கேபிள்களால் இயங்குகிறது. ஒன்று இடவலம், ஒன்று முன்பின். ஃபியட்டில் இருந்தது விறைப்பான கம்பி இணைப்பு. கம்பியை வளைக்க முடியாது. கேபிள் பாம்பு மாதிரி, எந்தச் சந்திலும் வளைந்து போகும். தேவையான நீளத்துக்குக் கேபிள் வாங்கி, நடுச் சுரங்கத்தின் வழியே பின்னுக்குக் கொண்டுபோகலாம். சிவிக்கில் லீவரிலிருந்து முன்னோக்கிப் போன கேபிள் இங்கே பின்னோக்கிப் போகிறது என்பதால், கியர் வரிசை தலைகீழாகிவிடாமல் மட்டும் பார்த்துப் பொருத்த வேண்டும்.

ஃபியட்டின் கியர்பாக்ஸையே வைத்துக்கொண்டு இன்ஜினை மட்டும் மாற்றினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். முறுக்குவிசை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அந்தப் பல்சக்கரங்கள் அதற்குச் செய்யப்பட்டவை இல்லை. போதாக்குறைக்கு இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத் தனியாக ஒரு இணைப்புத் தகடு கடைய வேண்டும். ஹோண்டாவின் ஆறு கியர் பெட்டியோடு முழு மூட்டையாக எடுப்பதே எளிது, உறுதியும்கூட.

உட்கார வைப்பது

வேலை தெரிந்தவர்கள் முதலில் நல்ல இன்ஜினைத் தொடவே மாட்டார்கள். உடைந்துபோன ஏதோவொரு கே20-இன் வெறும் பிளாக்கும், உள்ளே ஒன்றும் இல்லாத கியர்பாக்ஸ் கூடும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அது லேசாக இருக்கும். இரண்டு பேர் தூக்கிக் குழிக்குள் வைத்து, ஒரு விரல் அப்படி, அரை விரல் இப்படி என்று நாள் முழுக்க நகர்த்திப் பார்க்கலாம். எதற்காக அப்படி நகர்த்துகிறார்கள்? மூன்று விஷயம் ஒரே நேரத்தில் சரியாக அமைய வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்கு ஆக்சில் புறப்படும் துளை, சக்கரத்தின் நடுவுக்கு நேராக, முடிந்தவரை கோணல் இல்லாமல் இருக்க வேண்டும். கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப் தரையில் உரசக்கூடாது. மேலே இன்ஜின் தலை, மூடியில் இடிக்கக்கூடாது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று இடிக்கும். இந்த மூன்றும் சேரும் இடம் கிடைத்ததும் அங்கேயே முட்டுக்கொடுத்து நிறுத்தி, அதற்கேற்ப மவுன்ட் பிராக்கெட்களை வெட்டி வெல்டிங் வைப்பார்கள். எக்ஸ்1/9-க்கு இந்த பிராக்கெட்களை அமெரிக்காவில் தயார் நிலையிலும் விற்கிறார்கள்.

அடுத்து ஆக்சில். உள் முனை ஹோண்டாவின் கியர்பாக்ஸுக்குப் பொருந்த வேண்டும், வெளி முனை ஃபியட்டின் சக்கரத்துக்குப் பொருந்த வேண்டும். ஆகவே ஒரு முனையில் ஹோண்டா பல்லும் மறுமுனையில் ஃபியட் பல்லுமாக ஒரு புது ஆக்சில் செய்து வாங்க வேண்டும். நீளம்தான் இதில் உயிர். சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தூரம் கொஞ்சம் கூடும், குறையும். அதை ஈடுகட்ட உள் முனையில் இருக்கும் சிவி ஜாயின்ட் என்ற வளையும் மூட்டு சற்று உள்ளே வெளியே நகரும். ஆக்சில் நீளமானால் ஏதோவொரு உயரத்தில் அது கியர்பாக்ஸை முட்டி உடைக்கும். குட்டையானால் வேறொரு உயரத்தில் கழன்றே விடும்.

இதைச் சோதிக்கும் விதம் எனக்குப் பார்க்கப் பார்க்க அலுக்காது. சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுவார்கள். சக்கரத்துக்கு அடியில் ஜாக் வைத்து, தொங்குகிற நிலையிலிருந்து ஒவ்வொரு விரற்கடையாக ஏற்றுவார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆக்சிலைக் கையால் பிடித்து உள்ளுக்கும் வெளிக்கும் அசைத்துப் பார்ப்பார்கள். கையில் 'டொக்' என்று சின்ன அசைவு தெரிந்தால் சரி, இன்னும் இடம் இருக்கிறது. அசைவே இல்லாமல் இறுகிவிட்டால் அந்த உயரத்தில் ஆக்சில் முட்டுகிறது. மேலிருந்து கீழ்வரை எல்லா உயரத்திலும் அந்த அசைவு கையில் படும்வரை விடமாட்டார்கள்.

பெட்ரோல் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் அலட்சியம் கூடாது. கார்புரேட்டருக்கு மிகக் குறைந்த அழுத்தம் போதும். கே20 மாதிரி பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்‌ஷன் இன்ஜினுக்கு மூன்று பாருக்கு மேல் வேண்டும். அதனால் பம்ப், ஹோஸ், கிளிப் எல்லாமே அந்த அழுத்தம் தாங்கும் ரகமாக மாற வேண்டும். பழைய ரப்பர் ஹோஸை அப்படியே விட்டால், டேங்க்கும் இன்ஜினும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் காரில் அது தீப்பிடிக்கக் காத்திருக்கும்.

ஒயரிங் என்ற பாதி வேலை

இரும்பு வேலை முடிந்ததும் கார் தயார் என்று நினைப்பவர்கள் உண்டு. பாதிதான் முடிந்திருக்கிறது. ஃபியட் இன்ஜினுக்குத் தேவைப்பட்ட ஒயர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கே20-ஐ ஓட்டுவது ஈசியூ என்ற கணினி. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு எங்கே நிற்கிறது, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு எங்கே நிற்கிறது, எவ்வளவு காற்று வருகிறது, தண்ணீர் எவ்வளவு சூடு, புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சென்சார்கள் ஓயாமல் சொல்லச் சொல்ல, அது ஒவ்வொரு சொட்டு பெட்ரோலையும் தீர்மானிக்கிறது. இந்த இன்ஜினின் விடெக் அமைப்பும் அதன் கையில்தான். குறைந்த சுற்றில் மென்மையான கேம் வால்வுகளைத் திறக்கும். நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றை நெருங்கும்போது ஈசியூ சொல்ல, எண்ணெய் அழுத்தத்தால் ஒரு ஊசி பூட்டிக்கொண்டு, வால்வுகளை அகலத் திறக்கிற இன்னொரு கேம் வேலைக்கு வரும்.

இதில் முதல் முட்டுக்கட்டை இம்மொபிலைசர். ஹோண்டாவின் சாவியில் இருக்கும் சிப்பைக் காணாவிட்டால் ஈசியூ இன்ஜினை ஓடவே விடாது. ஃபியட் சாவியில் ஏது சிப்? அதனால் ஹோண்டேட்டா என்ற நிறுவனத்தின் கே-புரோ மாதிரி, அந்தக் காவலை நீக்கவும் அளவுகளை மாற்றி எழுதவும் அனுமதிக்கிற ஈசியூவைப் பயன்படுத்துகிறார்கள். ஆரம்பக்கட்ட கே20-களில் ஆக்சிலரேட்டர் சாதாரண கேபிள். 2006 சிவிக் எஸ்ஐ-யில் வந்த ரகத்தில் அதுவும் மின்சாரம். முதல் முறை செய்பவர் கேபிள் ரகத்தைத் தேடுவது நல்லது என்பேன். ஃபியட் பெடலிலிருந்து ஒரு கேபிள் போதும், தலைவலி ஒன்று குறையும்.

டேஷ்போர்டு மீட்டர்களையும் மறந்துவிடக்கூடாது. ஃபியட்டின் ஸ்பீடோமீட்டர் முள்ளைச் சுழற்றுவது கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள். ஹோண்டா கியர்பாக்ஸ் கேபிளைச் சுழற்றாது, மின்துடிப்பு அனுப்பும். இடையில் ஒரு மாற்றுக் கருவி வேண்டும், அல்லது பழைய முகப்பை வைத்துக்கொண்டு உள்ளே மின்சார மீட்டர் பொருத்த வேண்டும். பழைய முகப்பை விட்டுவிடாதவர்களை எனக்குப் பிடிக்கும்.

இத்தனையும் ஆனபின் என்ன கிடைக்கிறது? முன்பு ஒரு டன்னுக்கு 80 குதிரைத்திறன் சொச்சம் இருந்த காரில் இப்போது 200-க்கு மேல். அதைத் தாங்குமா என்பதை உடம்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எக்ஸ்1/9-க்கு நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் கம்பெனியிலிருந்தே உண்டு, ஆனால் சின்ன டிஸ்க். சக்கரமே 13 அங்குலம்தான். இரண்டையும் பெரிதாக்க வேண்டியிருக்கும். அதற்கும் முன்னால் துரு. இந்தக் கார் துருவுக்குப் பேர்போனது. சஸ்பென்ஷன் மேல்முனை பிடித்திருக்கும் தகடு துருப்பிடித்திருந்தால் புது இன்ஜினைப் பற்றிப் பேசவே கூடாது, வெல்டிங்கில்தான் தொடங்க வேண்டும்.

சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான மாடல் கார்களுக்குப் புகைச் சோதனை கிடையாது. அதற்குப் பிந்தைய காரென்றால், புது இன்ஜின் காரின் ஆண்டையோ அதற்குப் பிந்தைய ஆண்டையோ சேர்ந்ததாக இருக்க வேண்டும், அந்த இன்ஜினோடு பிறந்த புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் அத்தனையும் கூடவே வர வேண்டும். அதற்கென்று உள்ள பரிசோதகர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். 1975 எக்ஸ்1/9 வாங்குவதா 1976 வாங்குவதா என்பது அங்கே பெரிய கேள்வி.

தண்ணீர்

கடைசியாகத் தண்ணீர். நடு இன்ஜின் காரில் பலரையும் படுத்துவது இதுதான். எக்ஸ்1/9-இல் இன்ஜின் பின்னால், ரேடியேட்டர் மூக்கில். இரண்டுக்கும் நடுவே காரின் அடிவயிற்றில் நீளக் குழாய்கள் ஓடுகின்றன. ஒரு வகையில் இது வரம். மூக்கில் ரேடியேட்டரும் அடியில் குழாயும் ஏற்கெனவே இருப்பதால், உள்ளே சுத்தமாக இருக்கிறதா, துரு தின்றிருக்கிறதா என்று பார்த்து, இன்னும் பெரிய ரேடியேட்டர் வைத்தால் போதும். போர்ஷே 914-இல் சுபாரு இன்ஜின் வைப்பவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அந்தக் கார் காற்றால் குளிர்ந்தது. ரேடியேட்டர், குழாய், ஃபேன் எல்லாவற்றையும் அவர்கள் ஒன்றுமில்லாத இடத்தில் உருவாக்க வேண்டும்.

ஆனால் நீளக் குழாயில் காற்று தங்கும். காற்று எப்போதும் உயரமான இடம் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே தண்ணீர் நகராது. பின்னால் இன்ஜின் கொதிக்க, மூக்கில் ரேடியேட்டர் சில்லென்று இருக்கும். புது இன்ஜின் முதன்முதலாக உயிர்பெறும் நாளில், அதன் சத்தத்தைக் கேட்டு எல்லோரும் பின்பக்கம் கூடி நிற்கும்போது, ஒருவர் முன்னால் குனிந்துகொண்டிருப்பார். மூக்கைக் கொஞ்சம் உயரமாகத் தூக்கி வைத்து, ரேடியேட்டர் உச்சியில் இருக்கும் திருகைச் சற்றே திறந்து, முதலில் புஸ்ஸென்று காற்றும், பிறகு குமிழி கலந்த தண்ணீரும், கடைசியில் குமிழியில்லாத தண்ணீரும் வரும்வரை பொறுமையாகப் பார்ப்பார். பிறகு திருகை மூடிவிட்டு, உள்ளங்கையை ரேடியேட்டரின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு மெல்லக் கொண்டுபோவார். சூடு விட்டுப்போகாமல் படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தால் தண்ணீர் சுற்றுகிறது. ஒரு மூலை மட்டும் தனியாகக் குளிர்ந்து கிடந்தால், இன்ஜினை அணைத்துவிட்டு, ஆறவிட்டு, மறுபடி முதலிலிருந்து.